சுமையும் நடையும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சுமை நடக்காத சாலை எங்கள் பக்கத்தில் இல்லை. கருங்கல் சந்தையிலிருந்து பிரியும் எந்தப் பாதையிலாவது விடியற்காலையில் சற்று நின்று பாருங்கள். மரச்சீனிக் கிழங்கு கடவத்தில் போகும். வாழைக்குலை தோளில் போகும். மீன் போகும், விறகு போகும், ஓலைக்கட்டு போகும். இப்போது ஆட்டோவும் மினி லாரியும் வந்து பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன என்பது உண்மைதான். ஆனாலும் ஆட்டோ நுழையாத சந்துகளும், ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லாத கைகளும் இன்னும் இருக்கின்றன.

பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல்லைக் கண்டிருப்பீர்கள். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். அதன் உயரத்தைக் கவனிக்க வேண்டும். தலைச்சுமையோடு வருகிறவர் குனியவும் வேண்டாம், கைத்தாங்கலுக்கு ஆள் தேடவும் வேண்டாம். நின்றபடியே சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம். மீண்டும் தலையை அடியில் கொடுத்துக் கிளம்பலாம். இவற்றில் பல, கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக வீட்டார் நட்டவை. இறக்கி வைக்க முடியாமல் போன ஒருத்தியின் பெயரால், ஊரார் இறக்கி வைப்பதற்கு ஓர் இடம்! இதைச் செய்யத் தோன்றிய மனம் எத்தகையது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இத்தகைய ஊரில் பிறந்த ஒருத்தி, மலையேறப் போகிறவர்கள் முதுகுப் பையின் எடையைக் குறைப்பது எப்படி என்று கல்லூரி மலரில் எழுத வருவது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் வீட்டிலும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது; சற்று வருத்தமாகவும் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்ற மலையேற்றக் காலத்தில் எங்கள் கல்லூரியிலிருந்து ஒன்பது பேர் இரண்டு பேராசிரியர்களுடன் அகத்தியர்கூடம் சென்றோம். பொதிகை என்று இலக்கியம் பாடும் மலைக்கூட்டத்தில் 1868 மீட்டர் உயரமுள்ள சிகரம் அது. தமிழகமும் கேரளமும் கைகோக்கும் எல்லையில் நிற்கிறது. ஏறும் வழி கேரளத்தின் பக்கம், விதுரைக்கு அப்பால் போணக்காட்டிலிருந்து தொடங்குகிறது. வனத்துறை ஆண்டுதோறும் சில வாரங்கள் மட்டும், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து அனுமதி கொடுக்கிறது. முதல் நாள் போணக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை. இரண்டாம் நாள் சிகரம் ஏறி மீண்டும் அதிருமலை. மூன்றாம் நாள் இறக்கம். பெண்கள் ஏறுவதற்கு நெடுங்காலம் இடமில்லாமல் இருந்தது. 2018-ஆம் ஆண்டு கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் முதல் பெண் ஏறினார். ஆகவே எங்களில் நான்கு பெண்கள் அந்தப் பாதையில் கால் வைத்தபோது, எங்களுக்கு முன் சென்ற பெண்களின் வரிசை மிகச் சிறியதாகவே இருந்தது.

போவது என்று முடிவானதும் எல்லாரும் முதலில் கேட்ட கேள்வி, “என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?” என்பதுதான். என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எவரும் கேட்கவில்லை. ஒரு தோழி கடையில் விலை கேட்டு வந்து சொன்னாள். எடை குறைந்த முதுகுப் பை, எடை குறைந்த உறக்கப் பை, எடை குறைந்த கூடாரம் என்று தனித்தனியே விற்கிறார்களாம். எடை குறையக் குறைய விலை ஏறுகிறதாம். ரப்பர் பால் வெட்டுகிற என் தந்தையின் ஒரு மாதக் கூலி அந்த உறக்கப் பைக்குள் அடங்கிவிடும். எடையில்லாமல் நடப்பதும் வசதி உள்ளவர்களுக்குத்தானா என்று அன்று எனக்கு ஒரு கசப்பு தோன்றியது.

அந்தக் கசப்பைப் போக்கியது எங்கள் ஊர்ச் சாலை. மாசி மாதத்தில் மகாசிவராத்திரிக்கு முந்தைய மாலை, முஞ்சிறைத் திருமலைக் கோயிலிலிருந்து சிவாலய ஓட்டம் புறப்படும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலுள்ள பன்னிரண்டு சிவன் கோயில்களையும் ஓடியும் நடந்தும் கண்டு, திருநட்டாலத்தில் முடிப்பார்கள். மொத்தத் தொலைவு 100 கிலோமீட்டருக்கு மேல். பதினோராவது கோயிலான திருப்பன்றிக்கோடு எங்களுக்கு அடுத்த ஊரான பள்ளியாடியில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் ஓடியதில்லை. ஆனால் “கோவிந்தா, கோபாலா” என்ற குரலைக் கேட்டு வாசலுக்கு ஓடாத குழந்தை எங்கள் பக்கத்தில் இல்லை.

அந்த ஓட்டக்காரர்களின் கையில் என்ன இருக்கும்? ஒரு பனையோலை விசிறி. திருநீறும் சில்லறையும் வைக்க ஒரு சின்னத் துணிப்பை. உடம்பில் காவி வேட்டி. அவ்வளவுதான். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து ஈரத் துணியோடு உள்ளே போய், அதே துணியோடு அடுத்த கோயிலுக்கு ஓடுவார்கள். துணி வழியிலேயே காய்ந்துவிடும். ஆகவே மாற்றுடை கிடையாது. சோறு கிடையாது, தண்ணீர் கிடையாது. ஏனென்றால் வழி முழுவதும் கஞ்சியும் மோரும் சுக்குநீரும் வைத்துக்கொண்டு மக்கள் காத்திருப்பார்கள். இன்று பலர் மோட்டார் சைக்கிளில் சுற்றிவிடுகிறார்கள், அது வேறு செய்தி. உலகத்தில் எடை குறைத்து நடப்பதைப் பற்றிப் பெரிய பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்கள் என்கிறார்கள். அந்த நூல்காரர்களை ஒரு சிவராத்திரிக்குப் பள்ளியாடிச் சாலையில் நிறுத்தினால் நன்றாக இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஓட்டக்காரரின் சுமை மறைந்து போகவில்லை. அதைப் பன்னிரண்டு ஊரார் பகிர்ந்து வைத்திருக்கிறார்கள். கஞ்சிப் பானையும் தண்ணீர்க் குடமும் சாலையோரத்தில் அவருக்கு முன்பே போய் நிற்கின்றன. காட்டில் அப்படி யார் நிற்பார்கள்? ஆகவே பையில் என்ன வைப்பது என்று கேட்பதற்கு முன்னால், போகிற வழியில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும் என எனக்குப் பட்டது. பேராசிரியரிடம் கேட்டேன். அதிருமலை முகாமில் தங்க இடம் உண்டு, படுக்கப் பாய் உண்டு, காசு கொடுத்தால் கஞ்சியும் உண்டு, வழியில் பல நீரோடைகள் குறுக்கிடும் என்றார். கூடாரமும் அடுப்பும் பாத்திரமும் அந்த ஒரு பதிலிலேயே பையை விட்டு இறங்கிவிட்டன.

கூடாரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காட்டில் விருப்பமான இடத்தில் கூடாரமடித்துத் தூங்குவதுதான் சுகம் என்று நினைக்கும் நண்பர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உரிமையே கொடுத்திருக்கிறது. நம் காடுகள் அப்படியல்ல. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். நம் காட்டில் யானை நடக்கிறது. கோடையில் தீ நடக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே நம் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. முதுகிலே பாரம் இருந்தால் ஓட முடியாது என்பதையும் அன்றைய செய்திகளை இன்று படிக்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி என் பையைத் திறக்கிறேன். பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் சொல்லி ஒவ்வொரு பொருளையும் அவருடைய தராசில் வைத்தேன். “பரீட்சைக்கா பிள்ளே?” என்று கேட்டுக்கொண்டே நிறுத்துக் கொடுத்தார். பள்ளியில் வாங்கிய பழைய கித்தான் பை 700 கிராம். கம்பளி ஒன்றரைக் கிலோ. அதை விட்டுவிட்டு அம்மாவின் பழைய நூல்புடவையை நான்காக மடித்து வைத்தேன், 450 கிராம். மாற்றுடை ஒரு செட் 550. ஸ்வெட்டர் 400. துருக்கித் துண்டு அரைக்கிலோ, நம் ஊர்த் துவர்த்து 150 கிராம். துவர்த்து பிழிந்தால் உடனே காயும், துருக்கித் துண்டு மறுநாளும் ஈரத்தைச் சுமக்கும். மழைக்கோட்டு 300. டார்ச், மருந்து, பாதி சோப்பு, சீப்பு, அடையாளச் சீட்டு எல்லாம் சேர்த்து 350. எவர்சில்வர் புட்டியும் அதில் ஒரு லிட்டர் தண்ணீரும் 1350.

சாப்பாட்டில்தான் எங்களுக்குள் விவாதம். கட்டுச்சோறு கட்டிப் போகலாம் என்றார்கள் சிலர். வெந்த சோற்றின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஓடை ஓடும் மலைக்குத் தண்ணீரைச் சோறாக்கித் தூக்கிப் போவானேன்? ரொட்டியிலும் தண்ணீர்தான், அதோடு இடத்தையும் அடைத்துக்கொள்ளும். மாவுப்பொருளும் சர்க்கரையும் ஒரு கிராமுக்கு 4 கலோரி கொடுக்கும். கொழுப்பு 9 கலோரி கொடுக்கும். இந்தக் கணக்கை நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அடுக்களையில் எடுத்து வைத்துவிட்டார்: அவல் 500 கிராம், கருப்பட்டி 300, தேங்காயெண்ணெயில் வறுத்த நேந்திரங்காய் வற்றல் 350, நிலக்கடலை 250. நான் கணக்குப் போட்டு எடுத்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன். மலையில் பிளாஸ்டிக் உறைக்குத் தடை என்பதால் பழைய வேட்டியில் நான்கு சின்னப் பைகள் தைத்துக் கொடுத்தார். ஆக மொத்தம் 5 கிலோ 650 கிராம்.

சாப்பாட்டுக்கு மற்றொரு குணம் உண்டு. நடக்க நடக்கக் குறையும் சுமை அது ஒன்றே. எருமேலியிலிருந்து பெரிய பாதையில் சபரிமலைக்கு நடப்பவர்களின் இருமுடியை எண்ணிப் பாருங்கள். முன்முடியில் கடவுளுக்கு உரியவை. அவை கோயில் வரை குறையாது. பின்முடியில் வழிக்கு உரிய அரிசியும் பிறவும். அவை நாளுக்கு நாள் குறையும். குறையும் சுமையையும் குறையாத சுமையையும் தனித்தனி முடியாகக் கட்டியிருக்கிறார்கள்.

பையைத் தூக்கிப் பார்த்த தந்தை ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்விட்டார். பிறகு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அம்மாவிடம் சொல்வதுபோல் எனக்குச் சொன்னார்: “நீ சொமக்காண்டாம்னுதானே மக்களே நாங்க சொமக்கியோம். இப்ப நீ காசும் குடுத்து சொமக்கப் போறியாக்கும்?”

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளியைத் தாண்டியது நான் ஒருத்தி. என் அம்மா இருபது ஆண்டுகளாகச் சந்தையில் கிழங்கும் காயும் எடுத்து, தலைச்சுமையாக வீடு வீடாய்க் கொண்டுபோய் விற்கிறார். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது, சுமை தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டு ஆகிறது. சொன்னது சொன்னபடி இருக்கிறது, கடவமும் இருந்தபடி இருக்கிறது. அந்தத் தராசில் ஒரு நாள் அம்மாவின் கடவத்தையும் வைத்துப் பார்த்தோம். 34 கிலோ. அம்மாவின் எடை 50.

இயற்பியல் படிப்பவர்களுக்கு ஒரு பாடம் நினைவிருக்கும். விசையின் திசையில் இடப்பெயர்ச்சி இருந்தால்தான் வேலை. தலையில் சுமையோடு சமதளத்தில் நடக்கும் கூலியாள், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை சுழி. எடுத்துக்காட்டுக்கென்றே எழுதிய வாக்கியம் அது, தேர்விலும் வரும். பதினொன்றாம் வகுப்பில் அதை நான் முதலில் படித்த அன்று மாலை, அம்மா கடவத்தை இறக்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுழி என்ற சொல் என் தொண்டையில் நின்றது. கல்லூரிக்கு வந்த பிறகு பேராசிரியரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “புத்தகம் சொல்வது சுமையின்மீது நடந்த வேலையை. சுமப்பவரின் தசைக்குள் நடக்கும் வேலையை அது சொல்லவில்லை. அதற்கு வேறு படிப்பு இருக்கிறது, தேடிப் பார்” என்றார்.

தேடினேன். 1986-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் லுவோ, கிக்குயூ இனப் பெண்களை நடக்கவிட்டு, அவர்கள் மூச்சில் எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்தார்கள். தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையிலோ முதுகிலோ சுமந்தபோதும், அந்தப் பெண்களுக்கு வெறுங்கையோடு நடக்கும் செலவுக்கு மேல் ஆகவில்லை! அதற்கு மேல் ஏற்றினால்தான் செலவு ஏறியது. சிறு வயது முதல் சுமந்து பழகியதால், நடையில் ஊசல் ஆடுவதுபோல ஆற்றலைச் சேமிக்கும் திறம் அவர்களுக்கு வந்துவிட்டது என்று 1995-இல் வந்த மற்றோர் ஆய்வு விளக்கியது. நேபாளத்துச் சுமைக்காரர்களைப் பற்றிய ஆய்வு 2005-இல் வந்தது. அங்கே ஆண்கள் சராசரியாகத் தம் எடையில் 93 விழுக்காடும், பெண்கள் 66 விழுக்காடும் சுமந்து மலை ஏறுகிறார்கள். மெதுவாக நடப்பார்கள், அடிக்கடி நிற்பார்கள். நிற்கும்போது ‘தோக்மா’ என்னும் கைத்தடியைச் சுமைக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்வார்கள். நம் சுமைதாங்கிக் கல்லை அவர்கள் கையோடு கொண்டு போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் அம்மாவுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்றால் 10 கிலோ. மீதி 24 கிலோவுக்கும் உடம்பு விலை கொடுக்கிறது. 34 கிலோ அம்மாவின் எடையில் 68 விழுக்காடு. நேபாளப் பெண்களின் கணக்கை ஒட்டி வருகிறது. இதையெல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சும்மாடு சரியா இல்லேன்னா ஒரு கிலோவும் கனந்தான் மக்களே” என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என் பைக்கு மருந்தாயிற்று. என் பையின் பட்டை மெல்லியது, தோளை அறுக்கும். அம்மா பழைய துணியைச் சும்மாடு போலச் சுற்றி, பட்டைக்குள் வைத்துத் தைத்தார். விலையுயர்ந்த பைகளில் இடுப்புப் பட்டை ஒன்று இருக்கும். தோளிலுள்ள பாரத்தை இடுப்பு எலும்புக்கு இறக்குவதுதான் அதன் வேலை. அப்பாவின் கிழிந்த சாரத்தை நீளமாக மடித்து, அதையும் தைத்துச் சேர்த்தோம். கனமான பொருளை முதுகோடு ஒட்டி, தோள்பட்டைக்குச் சமீபமாக வைக்க வேண்டும் என்பது நான் சொன்னது. புவியீர்ப்பு மையம் பின்னால் தள்ளிப்போனால் உடல் முன்னால் வளைய வேண்டிவரும். திண்ணையில் இருந்த தந்தை எழுந்து வந்து, முடிச்சு நழுவாமல் போடுவது எப்படி என்று காட்டிவிட்டு மறுபடியும் திண்ணைக்குப் போய்விட்டார்.

காலணியைப் பற்றி ஒரு சொல். காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் எடையைவிட நான்கைந்து மடங்கு களைப்பைத் தரும் என்று ராணுவ ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வீசுகிறோம் அல்லவா? ஆகவே கனத்த பூட்ஸ் வேண்டாம் என்று கான்வாஸ் ஷூ அணிந்தேன். அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி 1955-இல், தம் 67-ஆம் வயதில், 3000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலேச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பண்ணை வீட்டுப் பெண். அவருடைய காலிலும் கான்வாஸ் ஷூதான். தாமே தைத்த ஒரு துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டார். கூடாரமில்லை, உறக்கப் பை இல்லை. மழைக்குக் குளியலறைத் திரை ஒன்று. தையல் பை கண்டு கூச்சப்படுகிற தோழிகளுக்காக இதைச் சொல்கிறேன்.

போணக்காட்டில் எங்கள் பைகளைச் சோதித்தபோது, எல்லாருடைய பையையும் ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கிப் பார்த்தோம். ஒரு தோழியின் பை பதினொரு கிலோவாவது இருக்கும். மூன்று நாளைக்கு நான்கு செட் உடை, கம்பளி, முகப்பூச்சு, ஒரு முழு ஜாடி ஊறுகாய், வீட்டார் அச்சப்பட்டுக் கொடுத்தனுப்பிய இன்னும் எவ்வளவோ. பையில் இருப்பதில் பாதி நம் தேவையல்ல, நம்மைப் பற்றிப் பிறருக்கு இருக்கும் பயம். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டை விட்டு முதல்முறையாக இரவு தங்கப் போகிற பெண்ணுக்கு அவளுடைய அம்மா வேறு எதைக் கொடுப்பார்?

வழி அழகானது. அதை வருணிக்கப் புகுந்தால் ஆசிரியர் குழு என் கட்டுரையை வெட்டிவிடும். கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என்று நீர் வந்துகொண்டே இருந்தது. எங்களோடு வந்த காணி இனத்து வழிகாட்டியின் தோளில் ஒரு சின்னப் பை, இடுப்பில் ஒரு கத்தி. ஒவ்வோர் ஓடையிலும், “இங்கே வயிறு நிறையக் குடியுங்கள், புட்டியில் பாதி போதும், அடுத்த தண்ணீர் அரை மணியில்” என்று சொல்வார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அவர் சொல்லச் சொல்ல எங்கள் பைகளிலிருந்து அரைக்கிலோ, அரைக்கிலோவாக இறங்கியது. அவருக்கு வழி முழுவதும் தெரியும்; அதனால் அவர் பை சிறிது. எனக்கு வழி தெரியாது. அந்தத் தெரியாமையைத்தான் புட்டியில் நிரப்பி எடுத்து வந்திருக்கிறேன் என்று தோன்றியது.

இந்த மலையில்தான் 1987-இல் ஒரு நிகழ்ச்சி நடந்தது. தாவரங்களை ஆராய வந்த அறிவியலார் ஏறி ஏறிக் களைத்துவிட்டார்கள். உடன் வந்த காணி வழிகாட்டிகளோ வழியில் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடந்தார்கள். அறிவியலாரும் தின்று பார்த்தார்கள், தெம்பு வந்தது. அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவர ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. அதில் வந்த வருமானத்தில் பாதியைக் காணி மக்களுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தது. காட்டுமக்களின் அறிவுக்கு உரிய பங்கைக் கொடுத்த முன்மாதிரி என்று உலகில் பல இடங்களில் இதைச் சொல்கிறார்கள். நாங்கள் எந்தச் செடியையும் தொடவில்லை. அதற்கு அனுமதியும் இல்லை. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு நடந்தோம்.

கருப்பட்டி என்றதும் ஒரு கணக்கு. ஒரு கிலோவை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க 9800 ஜூல் வேண்டும். தசையின் திறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் உடம்புக்கு ஆகும் செலவு 10 கலோரிக்கும் குறைவு. அதாவது இரண்டரை கிராம் சர்க்கரை! ஒரு விரல்நுனிக் கருப்பட்டிக்கு ஒரு கிலோ மலையேறிவிடும் என்கிறது இயற்பியல். அப்படியானால் ஒரு கிலோ கூடினால் என்ன, குறைந்தால் என்ன? முட்டிடிச்சான் தேரி என்று ஓர் ஏற்றம் இருக்கிறது. முட்டி வந்து இடிக்கும் அளவு செங்குத்து; அதனால் அந்தப் பெயர். அங்கே ஏறும்போது என் கணக்கு எனக்கே பொருந்தவில்லை. ஆற்றல் அங்கே செலவல்ல. தோளில் பட்டை அழுத்தும் இடம், முழங்காலில் எடை விழும் இடம், கால் வழுக்கும்போது பை இழுக்கும் இழுப்பு, இவைதாம் செலவு. இவற்றுக்குக் கலோரியில் விலை போட முடியாது. அம்மாவின் கழுத்தெலும்பு எந்தச் சமன்பாட்டில் தேய்ந்தது என்று அந்த ஏற்றத்தில் எனக்குச் சற்று விளங்கிற்று.

பதினொரு கிலோத் தோழி அங்கே உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளையாக எங்கள் பைகளில் இடம் இருந்தது. கம்பளி ஒருவருக்கு, உடை ஒருவருக்கு, ஊறுகாய் ஜாடி பேராசிரியருக்கு என்று பிரித்துக்கொண்டோம். என் பங்குக்கு வந்தது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். என் எடை 47 கிலோ. ஐந்தில் ஒரு பங்குக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. எடை குறைத்து வருவதில் இப்படியொரு வசதியும் இருக்கிறது. தன் தோள் நிரம்பியவருக்கு அடுத்தவர் சுமையை வாங்க வழியில்லை. இரவு அதிருமலையில் குளிர் வாட்டியபோது அந்தக் கம்பளிக்குள்தான் மூன்று பேர் சுருண்டோம் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஊறுகாயும் கஞ்சிக்கு அமிர்தமாக இருந்தது.

மறுநாள் பையை முகாமிலேயே வைத்துவிட்டு, புட்டியும் கடலையும் மட்டும் துவர்த்தில் முடிந்துகொண்டு சிகரம் ஏறினோம். பாறைச் சரிவில் கயிற்றைப் பிடித்து ஏறும்போது கையிரண்டும் வேண்டும். உச்சியில் அகத்தியர் சிலையருகே நின்றபோது மேகம் விலகிச் சற்று நேரம் நம் நாட்டுப் பக்கம் தெரிந்தது. அங்கே எங்கோ கருங்கல் இருக்கிறது, அங்கே ஒரு கடவம் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

பணம் கொடுத்துக் குதிரையிலும் ஆள் தோளிலும் பையை ஏற்றிவிட்டு, கைவீசி மலையேறும் வழக்கம் இமயமலைப் பக்கம் உண்டு. அதைத் தவறென்று சொல்லமாட்டேன். சுமப்பவருக்கு அது பிழைப்பு. உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-இலேயே, வளர்ந்த ஆண் ஒருவர் தொழிலில் சுமக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்றும், பெண்ணுக்கு அதைவிட நன்றாகக் குறைய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. சும்மாடு கட்டிய தலைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. முதுகுப் பைக்குச் செலவிடும் ஆராய்ச்சியில் நூறில் ஒரு பங்கையாவது கடவத்துக்குச் செலவிட்டால் என்ன என்று பொறியியல் படிக்கும் நண்பர்களைக் கேட்க விரும்புகிறேன். சந்தைச் சந்துக்குள் நுழைகிற, படியில் ஏறுகிற, ஒரு பெண் ஒற்றைக் கையால் தள்ளக்கூடிய ஒரு சின்ன வண்டி போதும். நானும் என் தோழிகள் இருவரும் பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றை வைத்து வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறோம். முதல் வரைபடத்தில் வண்டியே 14 கிலோ வருகிறது. குறைக்க வேண்டும்.

ஊர் திரும்பிய மறுநாள் அம்மா என் பையை ஒருமுறை முதுகில் மாட்டிப் பார்த்தார். உள்ளே பத்துக் கிலோ கிழங்கு வைத்தேன். முற்றத்தில் நாலைந்து எட்டு நடந்தார், நின்றார், பட்டையைச் சரிசெய்து மீண்டும் நடந்தார். “கழுத்துக்கு நல்லாத்தான் இருக்கு” என்றார். “ஆனா ஆரோ பெறத்தால நின்னு இழுக்கிய மாதிரி இருக்கு. பின்ன, கெழங்க ஆளுக்குக் காட்டாண்டாமா? முதுகில வச்சா ஆரு பாத்து வாங்குவா?”

தந்தை திண்ணையிலிருந்து, “பைய முன்னால மாட்டிப் பாரு” என்றார்.